பெரியப்பா வீட்டு ஃபயர்வால்

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக் கணினியை இயக்கியதுமே திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்தது. பாதுகாப்பு மென்பொருளின் ஆண்டுச் சந்தா முடியப்போகிறது, புதுப்பிக்காவிட்டால் ஃபயர்வால் நின்றுவிடும், கணினி தாக்குதலுக்கு ஆளாகும் என்றது அந்த அறிவிப்பு. கீழே, கடந்த மாதம் தடுத்து நிறுத்திய 'ஊடுருவல் முயற்சிகள்' என்று ஆயிரத்தைத் தாண்டிய ஓர் எண்.

பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஓய்வூதியம், வருமான வரி, வங்கிக் கணக்கு, நிலத்துப் பட்டா எல்லாமே அந்த மேசைக் கணினியில்தான் பார்க்கிறார். ஓர் எண்ணைக் காட்டினால் அது எப்படி வந்தது என்று கேட்காமல் விடமாட்டார்.

"ஆயிரம் தடவ வந்து முட்டியிருக்கான்னு போட்ருக்கான். யாருப்பா அவனுங்க? இந்தக் காச நான் கட்டணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

திருச்சியில் நெட்வொர்க் பொறியாளராக இருக்கும் நண்பரையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். அவர் கணினிப் பக்கமே வரவில்லை. "ரூட்டர் எங்க சார் இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

ரூட்டர் கூடத்தில், டிவிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி. அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள பெயரும் கடவுச்சொல்லுமே போதுமாக இருந்தன. நண்பர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, சேவை நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்திருந்த ஐபி முகவரியைக் காட்டினார். அது 100 என்று தொடங்கியது.

100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012-ல் தனியாக ஒதுக்கப்பட்டவை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்போது நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் புழங்கிக்கொள்வதற்கானவை. வெளியே இணையத்தில் இருக்கும் எவரும் இந்த முகவரிக்கு நேராக எதையும் அனுப்ப முடியாது. வீட்டுக்குள்ளும் இதே கதைதான். பெரியப்பாவின் கணினிக்கு 192.168 என்று தொடங்கும் முகவரி. அந்த வீட்டைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை. உள்ளிருந்து ஒரு கணினி கேட்டதற்குப் பதிலாக வரும் தகவலை ரூட்டர் உரிய கணினியிடம் சேர்க்கும். யாரும் கேட்காமல் தானாக வருவதை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, கீழே போட்டுவிடும்.

ஆக, அந்தக் கணினியில் எந்த மென்பொருளும் ஓடுவதற்கு முன்பே, பழைய முகவரி முறையான ஐபிவி4 வழி இரண்டு இடங்களில் அடைபட்டிருந்தது. அதற்காகப் பெரியப்பா தனியாக ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.

புதிய முறையான ஐபிவி6 வேறு மாதிரி. அதில் முகவரிப் பஞ்சம் கிடையாது. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் முகவரி கிடைத்துவிடும். இந்தியாவின் பெரிய சேவை நிறுவனங்கள் பல இதைப் பரவலாகவே தருகின்றன. பெரியப்பா கணினிக்கும் இருந்தது. நண்பர் தன் லேப்டாப்பைக் கைபேசியின் மொபைல் டேட்டாவில் இணைத்து, வெளியாள் போல, அந்த முகவரியை என்மேப் என்ற கருவியால் தட்டிப் பார்த்தார். எதுவுமே பதில் சொல்லவில்லை. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வால் என்ற கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தது, அதுதான் காரணம். அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி தட்டினார். அப்போதும் மௌனம்; இம்முறை தடுத்தது கணினிக்குள் இருந்த ஃபயர்வால். இரண்டையும் ஒருசேர நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வேணாம். வீட்டு மெஷின் இது, லேப் இல்ல" என்று டிக்கைத் திரும்பப் போட்டார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிஎஸ்என்எல் 2005-ல் பிராட்பேண்ட் தொடங்கிய காலத்தில், பல வீடுகளில் மோடம் வெறும் பாலமாகத்தான் இருந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கணினியிலேயே போட்டு இணைக்க வேண்டும். இணைந்ததும் பொது முகவரி நேராகக் கணினிக்கே வந்துவிடும். ரூட்டர் என்ற இடைச்சுவர் இல்லை. அதற்கு முந்தைய டயல்அப் காலத்திலும் அப்படித்தான். பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடாத விண்டோஸ் கணினி ஒன்றை அப்படி இணையத்தில் விட்டால் சராசரியாக 20 நிமிடம்தான் தாங்கும் என்று 2004-ல் சான்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் இணையப் புயல் மையம் கணக்கிட்டிருந்தது. சோன்அலாரம் போன்ற ஃபயர்வால்கள் அந்தக் காலத்தில்தான் வீடுகளுக்குள் வந்தன. அன்றைக்கு அவை செய்த வேலை உண்மையான வேலை. இன்றைக்கும் அதே பயத்தைச் சொல்லித்தான் சந்தா கேட்கிறார்கள். வீட்டின் அமைப்புதான் மாறிவிட்டது.

"அப்ப இந்த ஆயிரம்?" பெரியப்பா விடவில்லை.

பாதுகாப்பு மென்பொருளின் அறிக்கையில் 'விவரம்' என்ற சிறிய எழுத்தை அழுத்தினோம். நீண்ட பட்டியல் விரிந்தது. எங்கிருந்து வந்தது என்ற பத்தியில் ஒரே மாதிரி முகவரிகள்: எல்லாம் 192.168. வெளியுலகத்து முகவரி ஒன்றைக்கூடக் காணோம். போர்ட் எண்கள், அதாவது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண்கள், பெரும்பாலும் 5353, 1900. இவை இரண்டும் வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் எண்கள். 'இந்த வீட்டில் பிரிண்டர் இருக்கிறதா, படம் அனுப்பத் திரை இருக்கிறதா' என்று ஸ்மார்ட் டிவியும் கைபேசியும் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். நண்பர் ரூட்டர் பக்கத்தில் இருந்த கருவிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதிகமுறை 'ஊடுருவ முயன்றது' கூடத்து டிவி. அடுத்தது பெரியம்மாவின் கைபேசி.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "என் வீட்டு டிவியக் காட்டியா என்னப் பயமுறுத்துனான்?" என்றார். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவரிடம், அவர் சரிபார்க்க முடியாத எண்ணைக் காட்டிப் பணம் கேட்பதை வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்து, வீட்டுக்குள்ளிருந்தே தாக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். வைரஸ் பிடித்த லேப்டாப்போடு விருந்தாளி ஒருவர் வந்து வைஃபையில் இணைகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ரூட்டரின் சுவர் இங்கே உதவாது. அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். நண்பர் லேப்டாப்பை வீட்டு வைஃபையில் இணைத்து, கணினியின் பொதுவான ஆயிரம் போர்ட்டுகளைத் தட்டினார். எல்லாமே வடிகட்டப்பட்டவை, அதாவது தட்டியதற்குப் பதிலே இல்லை, என்று வந்தது. காசு கொடுத்து வாங்கிய ஃபயர்வால் தன் வேலையைச் செய்கிறது.

"இப்ப இத எடுத்துட்டுப் பாக்கலாமா சார்?"

"இன்னும் சந்தா முடியலயே?"

"கீ உங்ககிட்டதான் இருக்கு. வேணும்னா மறுபடி போட்டுக்கலாம்."

நீக்கினோம். கணினி மறுபடி எழுந்தபோது விண்டோஸோடு வரும் ஃபயர்வாலும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸும் தாமாகவே பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தன. வெளியார் மென்பொருள் இருக்கும்வரை ஒதுங்கி நிற்பதும், அது போனதும் திரும்பி வருவதும் அவற்றின் இயல்பு. மறுபடி அதே ஆயிரம் போர்ட்டுகள். எல்லாமே வடிகட்டப்பட்டவை. காசு கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் அந்தத் திரையில் ஒரே வரிதான்.

ஒரு நிமிடம் மட்டும் விண்டோஸ் ஃபயர்வாலையும் நிறுத்திக் காட்டினார் நண்பர். இப்போது மூன்று எண்கள் திறந்திருப்பதாக வந்தன: 135, 139, 445.

இந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபயர்வாலின் முழு நியாயமும் இவற்றில்தான் இருக்கிறது. 2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர் புழு 135 வழியாக நுழைந்தது. யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்க வேண்டியதில்லை, எதையும் அழுத்த வேண்டியதில்லை. கணினி இணையத்தில் இருந்தாலே போதும். அறுபது வினாடிகளில் கணினி மூடப்படும் என்று ஒரு பெட்டி தோன்றி எண்ணிக்கொண்டே இறங்கும். அந்த நாளில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். அடுத்த ஆண்டு சாசர் புழு 445 வழியாக வந்தது. 2008-ல் கான்ஃபிக்கர், 2017 மே 12-ல் வானாக்ரை, இரண்டும் அதே 445. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் முடங்கியதும், ஆந்திரக் காவல்துறைக் கணினிகள் சில பூட்டிக்கொண்டதும் வானாக்ரையால்தான்.

2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஓர் எளிய ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்தே கொடுத்திருந்தார்கள். அதை இயக்கி வைத்திருந்த கணினிக்குள் பிளாஸ்டர் நுழையவில்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகு, 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலை இயக்கியே கொடுக்கத் தொடங்கியது. வீட்டுக் கணினிகளுக்கு அந்த ஒரு மாற்றம் செய்த நன்மையை, தனியாக விற்கப்பட்ட ஃபயர்வால்கள் எல்லாம் சேர்ந்தும் செய்ததில்லை என்பது என் முடிவு. வாங்கியவர்களை மட்டுமல்ல, ஃபயர்வால் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களையும் அது காத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த நான்கு புழுக்களுக்கும் மருந்து முதலில் வந்தது, நோய் பிறகுதான் வந்தது. பிளாஸ்டருக்கான பேட்ச் 2003 ஜூலை 16-லேயே வெளியாகிவிட்டது. சாசருக்கானது இரண்டு வாரத்துக்கு மேல் முன்னதாக. வானாக்ரை பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-லேயே வந்துவிட்டது, ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால். போட்டவர்கள் தப்பித்தார்கள். பெரியப்பாவின் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், 'மறுதொடக்கத்துக்குக் காத்திருக்கிறது' என்று ஓர் அப்டேட் பல வாரமாகக் கிடந்தது. ஃபயர்வால் சந்தாவைப் பற்றிக் கவலைப்பட்டவர் அதைக் கவனிக்கவில்லை, அது சிவப்பாக எழுந்து நிற்கவில்லை என்பதால்.

கணினி மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்த நேரத்தில் நண்பர் விட்டி புழுவைப் பற்றிச் சொன்னார். 2004 மார்ச் 18-ல், பிளாக்ஐஸ் என்ற புகழ்பெற்ற தனிநபர் ஃபயர்வாலிலும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் மற்றப் பாதுகாப்புப் பொருள்களிலும் ஓர் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. அடுத்த நாளே விட்டி கிளம்பியது. அந்த மென்பொருள் இருந்த கணினிகளைத்தான் அது தாக்கும். ஏறத்தாழ 12,000 கணினிகள். ஃபயர்வால் வருவதையெல்லாம் பிரித்துப் படித்துப் பார்க்க வேண்டியிருப்பதால், அந்தப் படிக்கும் இடத்திலேயே நுழைந்தது. நுழைந்து, வன்தட்டில் கண்ட இடத்திலெல்லாம் எழுதி அழித்துக்கொண்டே போனது. ஃபயர்வால் இல்லாத பக்கத்துக் கணினிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்புக்காகப் போடும் ஒவ்வொரு மென்பொருளும் கணினியின் ஆழமான உரிமைகளோடு ஓடும் இன்னொரு மென்பொருள்தான். அதிலும் பிழை இருக்கும், அதற்கும் பேட்ச் தேவைப்படும். ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டாவதைப் போடத் தயங்குவதற்கு எனக்கு இது நல்ல காரணம்.

சரி, உள்ளே வருவதைத் தடுப்பது ஒரு பாதி. உள்ளேயிருந்து வெளியே போவதைத் தடுப்பது மறுபாதி. காசுக்கு விற்கும் ஃபயர்வால்கள் தங்களை விண்டோஸுடையதிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது இதை வைத்துத்தான். விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போவதை, தனியாக விதி எழுதாதவரை, தடுப்பதில்லை. தீநிரல் ஒன்று கணினியில் இருந்து உங்கள் கோப்பை வெளியே அனுப்பினால், நாங்கள் பிடிப்போம் என்பது அவர்கள் சொல்வது.

மென்பொருளை நீக்குவதற்கு முன்பே இதைச் சோதித்திருந்தோம். நண்பர் வெற்று எழுத்துக்கோப்பு ஒன்றை உருவாக்கி, விண்டோஸோடு கூடவே வரும் கர்ல் என்ற கட்டளையால், இணையத்தில் தான் வைத்திருக்கும் சர்வருக்கு அனுப்பினார். காசு கொடுத்த ஃபயர்வால் ஒன்றும் கேட்கவில்லை. கர்ல், மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட புரோகிராம்; போன வழி 443, வங்கித் தளமும் யூடியூபும் போகும் அதே பாதுகாப்பான வழி. சந்தேகப்பட அதற்கு எந்தக் காரணமும் இல்லை. நிஜத் திருடனும் இப்படி நம்பிக்கைக்குரிய புரோகிராமைத்தான் ஏவுவான். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 2000-லேயே ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்க நிரலாளர் லீக்டெஸ்ட் என்ற சிறிய புரோகிராமை வெளியிட்டு, அனுமதி பெற்ற புரோகிராமின் பெயரைச் சூட்டிக்கொண்டாலே சில ஃபயர்வால்கள் ஏமாந்துவிடுவதைக் காட்டினார். அந்த ஓட்டையை அடைத்தார்கள். அடுத்து வந்த சோதனைகள் உலாவியையே மறைவாகத் திறந்து அதன் வழியாக அனுப்பின. அதற்கும் ஒரு தடுப்பு, அதையும் தாண்ட ஒரு வழி.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் 'அனுமதிக்கலாமா' என்று கேட்கும் அமைப்பும் பெரியப்பாவின் பாதுகாப்பு மென்பொருளில் இருந்தது. இயக்கிப் பார்த்தோம். சிறிது நேரத்துக்குள் திரை கேள்விகளால் நிறைந்தது, பெயரே புரியாத சேவைகள், எண்கள். பெரியப்பா முதல் கேள்வியைப் பொறுமையாகப் படித்தார். இரண்டாவதை என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு வந்ததற்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்திக்கொண்டே போனார். கணக்கு வாத்தியார், படித்தவர், கவனமானவர். அவராலேயே முடியவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை. தெரிந்து சொல்ல வேண்டிய பதிலைத் தெரியாதவரிடம் கேட்கும் கருவி, பாதுகாக்கும் பொறுப்பைத் தன் தோளிலிருந்து இறக்கி அவர் தோளில் வைத்துவிடுகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் மாடிக்குப் போனார். தன் லேப்டாப்பை மொபைல் டேட்டாவில் இணைத்துக்கொண்டு, பெரியப்பாவின் கைபேசிக்கு அழைத்தார். வங்கியிலிருந்து பேசுவதாக நடிப்பது என்று முன்பே சொல்லி வைத்துத்தான் செய்தோம். உங்கள் கணக்கு முடங்கப்போகிறது, இந்தச் செயலியை இறக்குங்கள், அதில் தெரியும் எண்ணைச் சொல்லுங்கள், 'அனுமதி' என்பதை அழுத்துங்கள். பெரியப்பா நடிப்பென்று தெரிந்தே செய்தார். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும், சட்டப்படியான செயலிகளில் ஒன்றுதான் அது. அழுத்திய மறுகணம் மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. ஓய்வூதியக் கோப்புறை திறந்தது, மூடியது. பெரியப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார்.

"ஃபயர்வால் ஆன்லதானே இருக்கு?"

இருந்தது. பேச்சு மூச்சில்லை. பாதுகாப்பு மென்பொருள் இருந்தபோதும் இதே செயலி இப்படித்தான் தடையின்றிப் போனது, அதையும் காலையிலேயே பார்த்திருந்தோம். காரணம் எளிது: வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவில்லை. பெரியப்பாவின் கணினி தானே கிளம்பிப் போய் அந்தச் செயலி நிறுவனத்தின் சர்வரோடு பேசியது. நண்பரின் லேப்டாப்பும் அதே சர்வரோடு பேசியது. இரண்டையும் அது நடுவில் நின்று இணைத்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து, தெருவிலிருந்து வருகிறவர்களை யார் என்ன என்று விசாரிக்கும் பெரியவர், வீட்டுக்காரரே கைபிடித்துக் கொல்லைப்புறமாக அழைத்து வந்தவரை எப்படி விசாரிப்பார்?

ஃபயர்வாலை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். இன்று வீட்டுக் கணினியிலிருந்து பணம் போகும் வழிகளில் பெரும்பாலானவை, வீட்டிலிருப்பவர் தன் கையால் தொடங்கிய தொடர்பு வழியாகத்தான் போகின்றன. போலி வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல் போடுவது, கூரியர் ரசீது என்று வந்த இணைப்பைத் திறப்பது, திருட்டு மென்பொருளின் 'கிராக்'கை ஓட்டுவது, காவல்துறை என்று மிரட்டும் வீடியோ அழைப்புக்குப் பணிவது. ஃபயர்வாலின் கண்ணுக்கு இவையெல்லாம் வீட்டுக்காரர் விரும்பிச் செய்யும் வேலைகள். பெரியப்பா மேசைக் கண்ணாடிக்கு அடியில் 1930 என்று பெரிதாக எழுதி வைத்தோம். பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, போன பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பிறகு, விண்டோஸ் ஃபயர்வாலின் கூடுதல் அமைப்புகளில், உள்ளே வர அனுமதித்திருக்கும் விதிகளின் பட்டியலைத் திறந்தோம். நீளமான பட்டியல். பேரன் கோடை விடுமுறைக்கு வந்தபோது போட்ட விளையாட்டுகள், எப்போதோ நீக்கிவிட்ட டோரண்ட் புரோகிராம், பயன்படுத்தாத வீடியோ அழைப்புச் செயலி. புரோகிராம்கள் போய்விட்டன, அவற்றுக்காக எழுதப்பட்ட விதிகள் அப்படியே இருந்தன. இவற்றை எழுதியது யார்? நிறுவும்போது 'இந்தச் செயலி மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா' என்று கேட்டதற்கு 'ஆம்' என்றதும், அவையே எழுதிக்கொண்டன. நண்பர் நிர்வாகி உரிமையோடு கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தார். பட்டியலில் புதிதாக ஓர் அனுமதி முளைத்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை. நிர்வாகி உரிமை கிடைத்துவிட்ட வைரஸுக்கும் அந்த ஒரு வரி போதும். பழைய விதிகளை நீக்கினோம். அதைவிட முக்கியமாக, பெரியப்பா தினமும் புழங்க சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கி, நிர்வாகிக் கணக்கைத் தனிக் கடவுச்சொல்லோடு ஒதுக்கி வைத்தோம். இனி எதையாவது நிறுவ வேண்டுமென்றால் பெரியம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டில் எழுதியிருக்கும் கடவுச்சொல்லை எடுத்து வர வேண்டும். எழுந்து போய் எடுத்து வரும் அந்த நேரம் யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

கணினி முடிந்தது. ஆனால் வீட்டில் கணினி மட்டுமா இருக்கிறது? வாசலிலும் கொல்லையிலும் சிசிடிவி கேமராக்கள், அவற்றைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்று பரணில். மாட்டியவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லை நண்பர் ஊகித்தே உள்ளே போய்விட்டார். கணினியில் ஓடும் ஃபயர்வால் அந்தக் கணினியை மட்டும்தான் பார்க்கும். பரணில் இருக்கும் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த 60-க்கும் மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ல், இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் மீது அவை ஏவப்பட்டபோது ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்ததும் மாற்றப்படாத கடவுச்சொற்களால்தான். அப்போது வாடிக்கையாளர்களைக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டது.

நண்பர் காலையில் குறித்துக்கொண்ட தாளை எடுத்தார். ரூட்டரின் கடவுச்சொல், டிவிஆரின் கடவுச்சொல், இரண்டையும் மாற்றினார். ரூட்டரில், உள்ளிருக்கும் கருவிகள் கேட்டால் வெளிவழியைத் தானாகத் திறந்துவிடும் யுபிஎன்பி வசதியை நிறுத்தினார். விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை ஒன்றை உருவாக்கினார். மேசைக் கணினியின் ஃபயர்வாலுக்குப் பணம் கட்டியிருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

"அப்ப சந்தா வேணாம்" என்று பெரியப்பாவே முடிவு சொன்னார். "விண்டோஸ்ல இருக்கறத அணைக்காம இருந்தா போதும். அப்டேட்ட உடனே போடணும். யாரு போன்ல சொன்னாலும் எதையும் எறக்கக் கூடாது. சரியா?"

சரிதான். ஒன்றை மட்டும் சேர்த்தேன். கணினியில் ஓடும் ஃபயர்வால் மற்றெல்லாவற்றையும்விட அதிகமாக உழைக்கிற இடம் ஒன்று உண்டு, அது இந்த வீடு இல்லை. மேசைக் கணினி எப்போதும் ரூட்டருக்குப் பின்னால் இருக்கிறது. லேப்டாப் அப்படியில்லை. ரயில் நிலையம், ஓட்டல், கல்லூரி விடுதி என்று அது போகிற இடங்களில், ஒரே வைஃபையில் முன்பின் தெரியாத நூறு கணினிகள். பல இடங்களில் ஒன்றுக்கொன்று நடுவில் எந்தத் தடுப்பும் இருக்காது. அங்கே 445-க்கு முன்னால் நிற்பது லேப்டாப்பின் சொந்த ஃபயர்வால் மட்டுமே. அதற்கும் ஒரு நிபந்தனை. புதிய வலையில் இணையும்போது அது பொது வலையா, தனி வலையா என்பதை விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளும். பொது என்றால் இறுக்கமாக மூடிக்கொள்ளும். தனி என்று சொல்லி, கோப்புப் பகிர்வையும் இயக்கியிருந்தால், பக்கத்துக் கணினிகளுக்கு 445 திறந்துவிடும். பெரியப்பா கணினியில் மாற்றி வைத்துப் பார்த்தோம். என்மேப் உடனே அந்த எண்ணைக் காட்டியது.

பெரியப்பா உடனே பேத்திக்கு வீடியோ அழைப்புப் போட்டார். கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"வைஃபை பேர அழுத்தி, பிராப்பர்டீஸ் பாரும்மா. பப்ளிக்னு இருக்கா, பிரைவேட்னு இருக்கா?"

"பிரைவேட், சித்தப்பா. பக்கத்து ரூம் பொண்ணுங்களுக்கு லேப் ரெக்கார்ட் அனுப்பணும்னு சீனியர் அக்காதான் மாத்திக் குடுத்தாங்க. ஷேரிங்கும் ஆன் பண்ணிருக்கு."

"எத்தன பேர் இருக்காங்க அந்த வைஃபைல?"

"ஹாஸ்டல் மொத்தமும்."

"மொதல்ல பப்ளிக்னு மாத்து. ஷேரிங்க நிறுத்து."

"அப்ப ரெக்கார்ட் எப்படி அனுப்பறது?"

"மெயில்ல அனுப்பு, இல்ல டிரைவ்ல போட்டு லிங்க் குடு. அக்கா லேப்டாப்லயும் அப்படித்தான் இருக்கும், அவங்ககிட்டயும் சொல்லு."

"இருங்க, அவங்க இங்கதான் இருக்காங்க" என்று கைபேசியைத் திருப்பினாள்.